நம் பிள்ளை படிப்பை முடிக்குமா என்று கணினி சொல்லிவிடுமா?

கல்லூரிகளில் இப்போதெல்லாம் ஏஐ இருக்கிறதாம், யார் தேறுவார், யார் பாதியில் நிற்பார் என்று முதல் மாதத்திலேயே சொல்லிவிடுமாம். ஐந்தாம் படிவ எஸ்பிஎம் பரீட்சை ரிசல்ட் வெளியாகி, பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று வீடே அல்லாடும் வாரங்களில் பினாங்குப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஏதாவது ஒன்று சுற்ற ஆரம்பிக்கும். உடனே ஒருவர், "அங்கேயே சேர்த்துவிடலாம் அண்ணே, மெஷின் பார்த்துக்கொள்ளும்" என்பார். இன்னொருவருக்குக் கோபம் வந்துவிடும்: "என் மகன் தேற மாட்டான் என்று சொல்ல அது யார்?"

இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். கணினி ஏதோ தீர்ப்பு சொல்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தீர்ப்பு சொல்வதில்லை. இந்த வேலைக்கு முன்கணிப்புப் பகுப்பாய்வு என்று பெயர். படித்து முடித்தவர்கள், முடிக்காமல் போனவர்கள் என்று பழைய மாணவர்களின் பதிவுகளைப் புரட்டி, இப்போது படிக்கிறவர்களில் யாருக்கு இடறல் வரும் வாய்ப்பு அதிகம் என்று ஓர் எண்ணாகச் சொல்வது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது முழுக்க மனிதர்கள் கையில் இருக்கிறது. நல்லதும் கெட்டதும் அங்கேதான் நடக்கிறது.

இன்றைக்கு எத்தனை கிலோ அரிசி?

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்கே முதலாளி முடிவு செய்தாக வேண்டும், இன்றைக்கு எத்தனை கிலோ அரிசி போடுவது என்று. வெள்ளிக்கிழமையா, சைவம் கூடுதலாகப் போகும். புரட்டாசியா, கோழி பிரட்டலைக் குறைத்துவிடலாம். பள்ளி விடுமுறை விட்டால் கோலாலம்பூர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள், மழை கொட்டினால் பக்கத்து ஆபீஸ்காரர்கள்கூட எட்டிப் பார்க்க மாட்டார்கள். இதெல்லாம் அவர் பல வருஷமாகப் பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றி வைத்திருக்கும் கணக்கு. இன்றைக்கு இருநூறு இலை போகும் என்பார், போகும்.

ஆனால், "மணியம் அண்ணன் இன்றைக்குச் சாப்பிட வருவாரா?" என்று அவரிடம் கேட்டால் சிரிப்பார். கூட்டத்தைப் பற்றித்தான் அவருக்குத் தெரியும். ஒரு தனி ஆள் வருவாரா மாட்டாரா என்பது அந்த ஆளுக்கே பன்னிரண்டு மணி வரைக்கும் தெரியாது.

கல்லூரியின் கணினியும் இதே நிலையில்தான் இருக்கிறது. ஒரு மாணவியைக் காட்டினால், இவளைப் போன்ற நூறு பேரில் முன்பு எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று அதனால் சொல்ல முடியும். இவள் நிற்பாளா என்று சொல்ல முடியாது. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் மீதியெல்லாம் சுலபம்.

கல்லூரிக்கு உங்கள் பிள்ளையைப் பற்றி என்ன தெரியும்

நாம் நினைப்பதைவிட அதிகமாகவே தெரியும். சேரும்போதே எஸ்பிஎம், எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேசன் மதிப்பெண்கள் போய்விடுகின்றன. வீட்டு முகவரி, குடும்ப வருமானம், பிடிபிடிஎன் கல்விக் கடனா சொந்தப் பணமா என்பதெல்லாம் விண்ணப்பத்திலேயே இருக்கும். வகுப்பு தொடங்கியதும் வருகைப் பதிவு சேரும். நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பரீட்சை எழுத விட மாட்டார்கள் என்பதால் இந்தப் பதிவை ஒழுங்காகவே வைத்திருப்பார்கள். அப்புறம் கட்டணம் கட்டினார்களா, பாடத்தைப் பாதியில் மாற்றினார்களா, கைவிட்டார்களா என்பதும் பதிவாகும்.

இவற்றோடு, மாணவர்கள் பாடக் குறிப்பு எடுக்கவும் இடுபணியைச் சமர்ப்பிக்கவும் நுழையும் இணையத்தளம் ஒன்று இருக்கிறதே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கற்றல் மேலாண்மைத் தளம் என்பார்கள். மூடுல் என்பது அதில் உலகம் முழுக்கப் புழங்கும் ஒன்று, இலவச மென்பொருள், நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. யார் எப்போது நுழைந்தார், எந்தக் கோப்பைத் திறந்தார், எத்தனை மணிக்கு இடுபணியை ஏற்றினார் என்று எல்லாம் அதில் பதிந்துகொண்டே இருக்கும். மாணவர் அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

பதிவிலிருந்து எண் வரும் விதம்

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கற்பனை மாணவிதான், எண்களும் விளக்கத்துக்காக நான் போட்டவை. பெருநிலத்தில் உள்ள பிறையில் வீடு, பினாங்குத் தீவில் கல்லூரி. தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி எட்டு மணி வகுப்புக்கு வர வேண்டும். இரண்டாம் செமஸ்டரின் ஐந்தாம் வாரம். வருகை 70 விழுக்காடு. ஓர் இடுபணி தாமதம். தளத்தில் நுழைந்து 11 நாள் ஆகிறது. கட்டணத்தில் பாக்கி. ஆனால் முதல் செமஸ்டர் சராசரி (சிஜிபிஏ) 4-க்கு 3.10, நல்ல மதிப்பெண்தான்.

ஒவ்வொரு விவரத்துக்கும் கணினியிடம் ஒரு மதிப்பு இருக்கும். எடை என்று சொல்வார்கள். வருகை குறைவு, 3. தாமத இடுபணி, 2. பத்து நாளுக்கு மேல் நுழையாதது, 2. கட்டணப் பாக்கி, 3. நல்ல சிஜிபிஏவுக்கு 2 கழியும். மொத்தம் 8. சரி, முன்பு 8 வாங்கிய பழைய மாணவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால், நூற்றுக்கு 38 பேர் அடுத்த செமஸ்டருக்குப் பதியவில்லை. ஆக இவளுக்கு 38 விழுக்காடு ஆபத்து என்று திரையில் வரும். மிச்சம் 62 பேர் பதிந்து படித்தார்கள் என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கிறது, அதை யாரும் சத்தமாகப் படிப்பதில்லை.

இந்த எடைகளை யார் போட்டது? இதைத்தான் மாயம் என்று பலர் நினைக்கிறார்கள். கணினிக்கு முதலில் ஒன்றும் தெரியாது. ஏதோ சில எடைகளை வைத்துக்கொண்டு, என்ன ஆனார்கள் என்று ஏற்கெனவே தெரிந்த பழைய மாணவர்கள் மேல் கணித்துப் பார்க்கும், பல இடங்களில் தப்பாகும், தப்பு குறையும் பக்கமாக எடைகளைக் கொஞ்சம் நகர்த்தும், மறுபடி கணிக்கும், இப்படியே ஆயிரக்கணக்கான தடவை. இனி நகர்த்தினால் பெரிதாக ஒன்றும் மாறாது என்கிற இடத்தில் நிறுத்திக்கொள்ளும். அப்படிப் பதம் பார்த்து எடுத்த எடைத் தொகுப்புக்குத்தான் மாடல் என்று பெயர். நம் ஆட்கள் ஏஐ என்று வாயைப் பிளப்பதில் பாதி, லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்கிற பழைய புள்ளியியல் முறை. அதன் உள்ளே போக வேண்டாம், தேவையில்லை.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். மாடலிடம் என்ன கேள்வி கேட்டோமோ அதற்குத்தான் அது பதில் சொல்லும். 2017-இல் மூடுலோடு சேர்ந்தே வந்த கணிப்பு வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். 'படிப்பைக் கைவிடும் ஆபத்தில் உள்ளவர்' என்று அது யாரைச் சொல்கிறது தெரியுமா? ஒரு பாடத்தின் கடைசிக் கால் பகுதியில் தளத்தில் எந்த அசைவும் இல்லாதவரை. கோப்பையெல்லாம் முதல் மாதமே இறக்கி வைத்துக்கொண்டு, நண்பர்களோடு உட்கார்ந்து படித்து, ஏ வாங்கிப் போகிறவரும் அந்த வரையறைக்குள் வந்துவிடலாம். அதோடு அந்த வசதி, அந்தந்தக் கல்லூரியின் பழைய பாடப் பதிவுகளைக் காட்டிப் பழக்கினால்தான் வேலை செய்யும். இன்னொரு ஊர் மாணவர்களை வைத்துப் பழகியது நம் ஊருக்கு ஒத்துவரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

காலமும் மாறும். 2020 மார்ச்சில் கோவிட்டுக்காக மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லா வகுப்பும் வீட்டுக்குள் போனதே, அன்றிலிருந்து 'தளத்தில் நுழைவது' என்பதன் அர்த்தமே வேறாகிவிட்டது. 2018 மாணவர்களை வைத்துப் பழகிய மாடலுக்கு அது புரியாது, மறுபடி பழக்க வேண்டும்.

இதுவரை சொன்னதன் சாரம்: பழைய பதிவுகளிலிருந்து எடைகள், எடைகளிலிருந்து மொத்தம், மொத்தத்திலிருந்து விழுக்காடு. அந்த விழுக்காடு உங்கள் பிள்ளையைப் போன்றவர்களைப் பற்றியது.

90 விழுக்காடு சரியாம், ஆனால் உபயோகமில்லை

விற்பனைப் பிரதிநிதிகள் இங்கேதான் விளையாடுவார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு கல்லூரியில் 1,000 மாணவர்கள், அவர்களில் 100 பேர் இந்த வருஷம் நின்றுவிடப்போகிறார்கள் என்று வையுங்கள். மாடல் 160 பேர் மேல் எச்சரிக்கை போடுகிறது. அந்த 160-இல் 70 பேர் உண்மையிலேயே நிற்கப்போகிறவர்கள், 90 பேர் எப்படியும் நன்றாகவே படித்து முடிப்பவர்கள். நிற்கப்போகும் மீதி 30 பேரை மாடல் கவனிக்காமலே விட்டுவிட்டது. ஆக 90 பேர் விஷயத்தில் வீண் எச்சரிக்கை, 30 பேரைத் தவறவிட்டது. மொத்தம் 120 தப்பு, 880 சரி. அதாவது 88 விழுக்காடு துல்லியம்.

இப்போது நான் ஒரு மாடல் செய்கிறேன். கணினியே வேண்டாம். 'யாருமே நிற்க மாட்டார்கள்' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுகிறேன். 900 பேர் விஷயத்தில் நான் சொன்னது சரி. 90 விழுக்காடு துல்லியம்! உதவி தேவைப்படும் ஒருவரைக்கூடக் காட்டாத தாள், 70 பேரைக் காட்டிய மாடலை ஜெயித்துவிட்டது. ஆகவே "எங்கள் சிஸ்டம் இத்தனை விழுக்காடு துல்லியம்" என்று யாராவது மேடையில் சொன்னால் கை தட்ட அவசரப்பட வேண்டாம். எச்சரித்தவர்களில் எத்தனை பேர் நிஜமானவர்கள், நிஜமானவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது, இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

எந்த விழுக்காட்டுக்கு மேல் எச்சரிக்கை போடுவது என்கிற கோட்டை எல்லைக்கோடு என்பார்கள். அதைப் போடுவது கணினி இல்லை, நிர்வாகம். கோட்டைக் கீழே இறக்கினால் அதிகம் பேர் சிக்குவார்கள், வீண் எச்சரிக்கையும் கூடும். மேலே ஏற்றினால் தவறவிடுவது கூடும். நம் சாப்பாட்டுக் கடைக்காரர் எப்போதும் ஒரு படி கூடவே போடுவார், சோறு மிஞ்சுவது நஷ்டம்தான், ஆனால் வந்த ஆளைத் திருப்பி அனுப்புவது அதைவிடப் பெரிய நஷ்டம். கல்லூரியிலும் அதே கணக்குதான். எச்சரிக்கை என்றால் ஒரு அன்பான போன் கால் என்று வைத்துக்கொண்டால், கோட்டைத் தாராளமாக இறக்கலாம், தேவையில்லாதவருக்குப் போன் போனால் என்ன குறைந்துவிடும்? எச்சரிக்கை என்றால் உபகாரச் சம்பளத்தை நிறுத்துவது என்றால் கதையே வேறு.

அட்லாண்டாவில் நடந்தது

இந்தத் துறையில் எல்லோரும் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம். அங்கே 2003-இல் நூற்றுக்கு 32 பேர்தான் ஆறு வருஷத்துக்குள் பட்டம் வாங்கினார்கள். பத்தாண்டு சொச்சத்தில் அது 50-ஐத் தாண்டியது. பத்து வருஷ மாணவர் பதிவுகளை, கிட்டத்தட்ட இரண்டரை மில்லியன் பாட மதிப்பெண்களை அலசி, ஆபத்தைக் காட்டும் 800-க்கும் மேற்பட்ட அறிகுறிகளைப் பிடித்து, 2012 முதல் ஒவ்வொரு மாணவரையும் தினமும் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அப்படிக் கிடைத்ததில் ஒன்றைச் சொல்கிறேன். அரசியல் அறிவியல் மாணவர் ஒருவர் அந்தத் துறையின் முதல் பாடத்தில் ஏ அல்லது பி வாங்கினால் நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு, பட்டம் வாங்கிவிடுவார். சி வாங்கினால் நான்கில் ஒன்றுதான். சி என்றால் பாஸ்தானே என்று அதுவரை அவர்களைப் பேசாமல் அடுத்த பாடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பதிவுகளைப் பார்த்த பிறகுதான் அந்தப் பாஸுக்குள் ஒரு பிரச்சினை ஒளிந்திருந்தது தெரிந்தது.

பலர் கதையை இத்தோடு முடித்துவிடுவார்கள். மீதிதான் எனக்கு முக்கியம். அறிகுறிகள் கிடைத்ததும் அவர்கள் 42 ஆலோசகர்களைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். ஓர் ஆலோசகருக்கு ஏறத்தாழ 300 மாணவர்கள் என்கிற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். எச்சரிக்கை விழுந்தால் அந்த ஆலோசகர் மாணவரை அழைத்துப் பேசினார். கட்டணத்தில் சிறு தொகை குறைந்ததாலேயே பெயர் நீக்கப்படும் நிலையில் இருந்த மாணவர்களுக்கு, கணக்கில் நேராகவே அந்தத் தொகையைப் போடும் திட்டம் 2011-லேயே தொடங்கியிருந்தது. யாருக்கு எவ்வளவு குறைகிறது என்று காட்டியது தரவு. கொடுத்தது பணம்.

நம் பிறை மாணவிக்கு வாருங்கள். 38 என்று திரையில் வந்துவிட்டது. அவள் ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. ஆலோசகர் கூப்பிட்டு, "என்னம்மா, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டால்தான் தெரியும். அப்பாவுக்கு வேலை போய்விட்டது, இவள் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறாள், காலை எட்டு மணி வகுப்பில் கண் சொக்குகிறது. இவளுக்குக் கூடுதல் டியூஷன் வைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. கட்டணத்தைத் தவணையாகப் பிரித்துக் கொடுத்து, பிற்பகல் பிரிவுக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. வேறொருவருக்கு அதே 38 வந்திருக்கும், காரணம் காதல் தோல்வியாக இருக்கும், அல்லது அம்மா சொன்னார் என்பதற்காக எடுத்த பொறியியலாக இருக்கும்.

சாக்லேட் கணக்கு

இன்னொரு அமெரிக்கப் பல்கலைக்கழகம், இண்டியானா மாநிலத்தின் பர்டியூ. மாணவருக்குப் பாடத்தின் பக்கத்திலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று விளக்கு காட்டும் ஒரு திட்டத்தை அவர்கள் 2007 வாக்கில் கொண்டுவந்தார்கள். கோர்ஸ் சிக்னல்ஸ் என்று பெயர். இந்த விளக்கு உள்ள பாடங்களில் இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிட 21 விழுக்காடு அதிகமாகப் படிப்பை விடாமல் கல்லூரியில் தங்குகிறார்கள் என்று அறிவித்தார்கள். ஊரெல்லாம் அதே பேச்சு.

2013-இல் மைக்கேல் கால்ஃபீல்ட் என்பவர் இதைச் சந்தேகப்பட்டார். இரண்டு விளக்குப் பாடம் எடுக்க வேண்டுமென்றால் மாணவர் அத்தனை காலம் கல்லூரியில் இருந்தாக வேண்டுமே? முதல் செமஸ்டரிலேயே விட்டுப் போனவர் எப்படி இரண்டு எடுத்திருப்பார்? அதாவது விளக்கு இருந்ததால் அவர்கள் தங்கவில்லை, தங்கியதால்தான் விளக்கு கிடைத்தது. ஆல்ஃபிரட் எஸ்ஸா என்பவர் இன்னும் ஒரு படி போய், விளக்குக்குப் பதிலாக மாணவர்களுக்குக் குருட்டாம்போக்கில் சாக்லேட் கொடுப்பதாகக் கணினியில் ஒரு பாவனைக் கணக்குப் போட்டுக் காட்டினார். சாக்லேட்டும் அதே மாதிரி 'பலன்' தந்தது! அதிக நாள் இருந்தவருக்கு அதிகச் சாக்லேட், அவ்வளவுதான் விஷயம்.

விளக்குத் திட்டம் பயனற்றது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் சொன்ன 21 விழுக்காடு எதையும் நிரூபிக்கவில்லை. கல்லூரி விளம்பரத்தில் இப்படி ஒரு எண்ணைப் பார்த்தால், யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள்.

பெயரை அழித்தாலும் ஊர் காட்டிக்கொடுக்கும்

2021-இல் தி மார்க்கப் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் ஒரு விசாரணை வெளியிட்டது. பெரிய பல்கலைக்கழகங்கள் பல, மாணவரின் இனத்தையே ஒரு விவரமாக மாடலுக்குள் போட்டிருந்தன. விளைவு, சில இடங்களில் கறுப்பின மாணவர்களுக்கு 'அதிக ஆபத்து' முத்திரை விழுந்த வீதம் வெள்ளையரைப் போல் நான்கு மடங்கு வரை இருந்தது. அதனால் என்ன, உதவிதானே கிடைக்கப்போகிறது என்று கேட்கலாம். முதல் வாரத்திலேயே ஆலோசகர் திரையில் சிவப்பைப் பார்த்துவிட்டு, "கணக்கு கஷ்டம்மா, வேறு துறை பார்க்கிறாயா?" என்று நல்லெண்ணத்தோடு கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இனம் என்கிற விவரத்தை அழித்துவிட்டால் போதாதா? போதாது. அழித்த விவரத்தின் வேலையை இன்னொரு விவரம் செய்துவிடும், அதைப் பதிலி என்பார்கள். நம் நாட்டில் இதற்கு ஆராய்ச்சியே வேண்டாம். விண்ணப்பத்தில் ஆரம்பப் பள்ளியின் பெயர் 'தேசிய வகைத் தமிழ்ப்பள்ளி' என்று இருந்தால் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று மாடலுக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அஞ்சல் குறியீடு, வீடு எஸ்டேட் தோட்டத்தில் இருப்பதைக் காட்டும். பி40 என்கிற குறைந்த வருமானப் பிரிவு மீதியைச் சொல்லிவிடும். ஆகவே பிறப்போடு வந்த விவரங்களைத் தள்ளி வைத்து, வருகை, இடுபணி, கட்டணம் போன்ற, மாறக்கூடிய, கல்லூரி ஏதாவது செய்து மாற்றக்கூடிய விவரங்களை மட்டும் வைத்துக் கணிப்பதுதான் நியாயம் என்பது என் கட்சி. துல்லியம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

இன்னும் மோசமாகவும் பயன்படுத்தலாம். அமெரிக்காவின் மேரிலாந்தில், மவுண்ட் செயின்ட் மேரிஸ் என்ற பல்கலைக்கழகத்தின் தலைவர், தேற மாட்டார்கள் என்று தோன்றும் புது மாணவர்களை ஒரு கேள்வித்தாள் மூலம் கண்டுபிடித்து, மாணவர் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கும் தேதிக்கு முன்பே அவர்களை வெளியேற வைத்தால் புள்ளிவிவரம் அழகாகிவிடும் என்று திட்டம் போட்டார். விஷயம் வெளியே வந்து பெரிய ரகளையாகி, 2016-இல் பதவி விலகினார். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதற்கு நேர் எதிர். மாணவர் தரவை எப்படிப் பயன்படுத்தலாம் என்று 2014-லேயே எழுத்தில் கொள்கை வகுத்து, தரவில் தெரிவது மட்டுமே மாணவர் இல்லை என்பதை அதில் ஒரு விதியாகவே வைத்தது.

சுருக்கமாக: கருவி ஒன்றுதான். யாரைக் கைகொடுத்துத் தூக்குவது என்று பார்க்கவும் உதவும், யாரை வெளியே அனுப்புவது என்று பார்க்கவும் உதவும்.

ஓபன் டே போகும்போது

சட்டத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியார் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தும் (மத்திய, மாநில அரசுகளுக்கு அது பொருந்தாது). என்னைப் பற்றி என்ன தரவு வைத்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கேட்க மாணவருக்கு உரிமை உண்டு. பிள்ளைக்கு 18 ஆகிவிட்டால் அவர்தான் கேட்க வேண்டும், நாம் இல்லை.

கல்லூரியைச் சுற்றிக் காட்டும் ஓபன் டே அன்று பேனர், பலூன், இலவசப் பை எல்லாம் தாண்டி உள்ளே போய், "உங்களிடம் முன்கணிப்பு சிஸ்டம் இருக்கிறதாமே?" என்று ஆரம்பியுங்கள். அது எதைக் கணிக்கிறது, அடுத்த செமஸ்டருக்குப் பதிவதையா, பட்டத்தையா, வெறும் நுழைவையா? எங்கள் பிள்ளைக்கு விழுந்த எச்சரிக்கையை அவரே பார்க்க முடியுமா, தப்பு என்றால் யாரிடம் சொல்வது? உபகாரச் சம்பளம், விடுதி போன்ற முடிவுகளுக்கு அந்த எண்ணைத் தொடுவீர்களா? இதற்கெல்லாம் சந்தைப்படுத்தும் பிரிவில் உள்ளவருக்குப் பதில் தெரியாமல் போகலாம், பாவம், தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைக் கேளுங்கள்: எச்சரிக்கை விழுந்தால் யார் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுவார், அவர் கையில் எத்தனை மாணவர்கள்? பெயரும் எண்ணிக்கையும் பட்டென்று வந்தால் நல்ல அறிகுறி. "சிஸ்டமே தானாக மின்னஞ்சல் அனுப்பிவிடும் சார்" என்று பதில் வந்தால், ஏற்கெனவே கல்லூரியில் படிக்கும் மூத்த பிள்ளை வீட்டில் இருந்தால் அவரிடம், கல்லூரி மின்னஞ்சலைக் கடைசியாக எப்போது திறந்தாய் என்று விசாரித்துப் பாருங்கள்.